அரூர் பஸ்ஸில் வந்த பற்கள்

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு சாயங்காலம் நாலரை மணிவாக்கில் வரும் அரூர் பஸ்ஸுக்காகப் பல வருஷம் காத்து நின்றிருக்கிறேன். யாரையும் கூட்டிப்போக அல்ல. கண்டக்டர் சீட்டுக்குக் கீழிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுப்பார். சில நாள் அது பழைய ஸ்வீட் பாக்ஸாக இருக்கும். "இந்தாங்கண்ணே, உங்க வாய்" என்று கையில் கொடுப்பார். டீக்காசு கொடுத்துவிட்டு லேபுக்கு ஓடுவேன். உள்ளே ஈரப் பஞ்சு சுற்றிய ஒரு ட்ரே. அதில் எனக்கு முகம் தெரியாத யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை, அச்சாக. இந்த ஊர் வெயிலில் அது நிமிஷத்துக்கு நிமிஷம் சுருங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஓட்டம்.

நான் டென்டல் மெக்கானிக். பல் டாக்டர் வாயில் அளவு எடுத்து அனுப்புவார். அதை வைத்து கேப், பக்கத்துப் பற்களைப் பிடித்துக்கொண்டு விழுந்த பல்லின் இடத்தை நிரப்பும் பிரிட்ஜ், பல் செட் எல்லாம் செய்து கொடுப்பது எங்கள் லேபின் வேலை. 1948-ஆம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டத்திலேயே எங்களுக்கு இந்தப் பெயர்தான். இப்போது படித்துவிட்டு வரும் பிள்ளைகள் டெக்னீஷியன் என்று சொல்லிக்கொள்கிறார்கள், அதுவும் நியாயம்தான். நான் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் சித்தப்பா "லாரி பட்டறையா, பஸ் பட்டறையா?" என்று கேட்டார்.

போன மாதம் ஓசூரிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை முடிந்துவிட்டது, கேப் போட வேண்டும். அந்த கிளினிக்கில் இரண்டு விலை சொல்லியிருக்கிறார்கள். மாவு வைத்து அளவெடுத்தால் ஒன்று, கேமராவில் எடுத்தால் இன்னொன்று. "மாமா, கேமராதான் கரெக்டா இருக்குமாமே, நிஜமா?" என்றாள். "ஒரு பல்லுதானேடா, எடுக்கிற கை நல்லா இருந்தா எதுல எடுத்தாலும் சரியா வரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு யோசித்தால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் சரியாக உட்காராமல் திரும்பச் செய்த இருபத்தைந்து வருஷத்து ரீமேக் வேலைகள் வரிசையில் நின்றன.

முதலில் மாவு. எல்லோரும் மாவு என்று சொல்வது ஒரே சரக்கு இல்லை. பழசு, மலிவு, ஆல்ஜினேட். பொடியில் தண்ணீர் ஊற்றி ரப்பர் கிண்ணத்தில் கலக்குவது. கேழ்வரகுக் களி கிண்டத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி வேலை தெரியும்: கட்டி தட்டக்கூடாது, கை நிற்கக்கூடாது, கிண்ணத்தின் சுவரோடு வைத்துத் தேய்க்க வேண்டும். இரண்டு மூன்று நிமிஷத்தில் இறுகும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம். மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக் கலக்கினால் ட்ரே வாய்க்குப் போகும் முன்பே கிண்ணத்தில் இறுகிவிடும். அதற்கென்றே மண்பானை வைத்திருந்த டாக்டர் ஒருவரை எனக்குத் தெரியும்.

இந்தப் பொடியின் மூலப்பொருள் பழுப்புக் கடல்பாசி. மண்டபம் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேகரிக்கிறார்களே சர்காசம், அந்த வகை. அதற்கு முன்னால் அகர் என்று இன்னொரு பாசிச் சரக்கைச் சூடாக்கி வைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றதும் ஆல்ஜினேட் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பாசிக்குப் பதில் பாசி. பழைய சரக்குகளில் இன்னொன்றுக்கு வினோதமான வாரிசு உண்டு. 1850-களில் லண்டனில் சார்லஸ் ஸ்டென்ட் என்ற பல் மருத்துவர் அளவெடுக்கச் சூட்டில் இளகும் ஒரு கலவை செய்தார். இதயக் குழாயில் வைக்கிறார்களே ஸ்டென்ட், அந்தப் பெயர் இவரிடமிருந்து வந்ததாகத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை.

இறுகிய ஆல்ஜினேட்டில் பெரும்பகுதி தண்ணீர்தான். காற்றில் வைத்தால் தண்ணீர் போய்ச் சுருங்கும். சரி, தண்ணீரில் போட்டு வைக்கலாமே என்றால் உறிஞ்சி உப்பும். ஈரத்துணி சுற்றி மூடி வைத்தாலும் உள்ளிருந்தே கசிந்து சுருங்கும், என்ன, கொஞ்சம் மெதுவாக. எடுத்த பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் அச்சுக்குள் ஸ்டோன், அதாவது கல்லாக இறுகிப் பல்லின் மாடலாகும் ஜிப்சம் கலவை, ஊற்றிவிட வேண்டும் என்பதுதான் பாடம். அரூரிலிருந்து பஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அந்தக் காலத்தில் சின்ன ஊர்களில் பிரிட்ஜுக்கே ஆல்ஜினேட்டில் அளவெடுப்பார்கள். அப்படி ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு மூன்று பல் பிரிட்ஜ். வார்த்து, பாலிஷ் போட்டு மாடலில் வைத்தால் கிளிக் என்று உட்காருகிறது. வாயில் உட்காரவில்லை. டாக்டர் போனில், "உங்க காஸ்டிங் சரியில்லங்க" என்றார். "மாடல்ல உட்காருதே சார்" என்றேன் நான். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. திரும்ப அளவு, திரும்ப பஸ், திரும்ப அதே கதை. மூன்றாவது தடவை, "சார், அங்கேயே ஸ்டோன் ஊத்திட்டு, இறுகின மாடலா அனுப்புங்க" என்று கெஞ்சினேன். அவருக்கு அது எரிச்சல். கிளினிக்கில் ஸ்டோன் கலக்குவது கம்பவுண்டர் வேலை போலத் தெரிந்திருக்கும். ஆனால் செய்தார். உட்கார்ந்தது. பஸ் அதே பஸ், டாக்டர் கை அதே கை, என் காஸ்டிங் அதே காஸ்டிங். வாத்தியார் மட்டும் மூன்று முறை அலைந்தார்.

அப்புறம் புட்டி என்ற ரப்பர் மாவு பரவலாக வந்தது. அடிஷன் சிலிக்கோன் என்பார்கள். இரண்டு டப்பாவிலிருந்து சம அளவு எடுத்து, சப்பாத்தி மாவு மாதிரி கோடு கோடாகத் தெரியும் நிறம் மறையும் வரை பிசைந்து ட்ரேயில் அப்புவது. அதன்மேல் லைட் பாடி என்று தேன் பதத்தில் ஒன்று, பல்லோரத்து நுணுக்கம் பதிய. இது சுருங்குவது மிகக் குறைவு. ஒரு வாரம் கழித்து ஊற்றினாலும் கவலையில்லை. பஸ் பிரேக்டவுன் ஆனாலும் எனக்குத் தூக்கம் வரும். ஆனால் இதற்கும் ஒரு சாபம் உண்டு. லேடக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு பிசைந்தால் கையுறையில் இருக்கும் கந்தகம் புட்டியை இறுக விடாது. மேலுக்கு இறுகினாற்போல இருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும். முதல் முறை அப்படி ஒரு அளவு வந்தபோது சரக்கு காலாவதி ஆகிவிட்டது என்று நினைத்து டேட்டைப் பார்க்கச் சொன்னேன். டேட் நன்றாகத்தான் இருந்தது. கையுறையை மாற்றியதும் எல்லாம் சரியானது.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? எங்கள் தொழிலில் மைக்ரானில் பேசுவோம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி சுமார் 50 முதல் 100 மைக்ரான் தடிமன். கேப் வைத்த பிறகு டாக்டர் கடிக்கச் சொல்கிறாரே நீலக் காகிதம், அதில் பரவலாகப் புழங்குவது 40 மைக்ரான். கேப்பின் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 120 மைக்ரானுக்குள் இருந்தால் ஏற்கலாம் என்பது 1971-இல் மெக்லீன், ஃபான் ஃபிரான்ஹோஃபர் இருவரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வேலைகளை ஐந்து வருஷம் பார்த்துச் சொன்னது. இன்றைக்கும் எல்லாரும் அந்த எண்ணைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒன்றரை முடி கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் சிமென்ட் கரைந்து, உள்ளே சோறு போய், நாளடைவில் கேப்போடு பல்லும் போகலாம்.

இந்த ஒன்றரை முடிக்குள் மாவு வழியில் எத்தனை பேர் பங்கு கேட்கிறார்கள் பாருங்கள். அச்சு கொஞ்சம் சுருங்கும். ஊற்றும் ஸ்டோன் இறுகும்போது கொஞ்சம் விரியும். நல்ல டை ஸ்டோனே 0.1 சதவீதம் வரை விரியலாம். ஒரு கடைவாயிலிருந்து எதிர்க் கடைவாய்க்கு ஐந்து சென்டிமீட்டர் என்றால் அது 50 மைக்ரான். வார்த்த உலோகம் ஆறும்போது ஏறக்குறைய இரண்டு சதவீதம் சுருங்கும். அதை ஈடுகட்ட வார்ப்பு மண் சூட்டில் விரிய வேண்டும். சிமென்ட்டுக்கு இடம் விட டையின் மேல், அதாவது கேப் உட்காரப்போகும் பல்லின் ஸ்டோன் மாடல் மேல், ஒரு பூச்சு பூசுவோம். அதற்கென்று விற்கும் திரவம் தீர்ந்துவிட்டால் மனைவியின் நெயில் பாலிஷ். சிரிக்காதீர்கள், நிறைய லேபில் இது நடந்திருக்கிறது. ஒரு கூட்டல், ஒரு கழித்தல், கடைசியில் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். பழைய ஆட்களின் கைத்திறமை என்பது இந்தக் கணக்கைக் காகிதம் இல்லாமல் போடுவதுதான்.

கேமரா வழி நேற்று முளைத்ததல்ல. பிரான்ஸில் ஃபிரான்ஸ்வா துரே 1973-இலேயே வெளிச்சத்தால் அளவெடுப்பதைப் பற்றி ஆய்வேடு எழுதிவிட்டார். 1985-இல் சூரிச்சில் மொர்மன் என்ற பல் மருத்துவரும் பிராண்டெஸ்டினி என்ற பொறியாளரும் செய்த செரெக் என்ற இயந்திரத்தில் நோயாளியை நாற்காலியிலேயே வைத்துக்கொண்டு பல்லடைப்பைக் கடைந்து வைத்தார்கள். பல்லின் மேல் வெள்ளைப் பொடி தூவி எடுத்த காலம் அது. எங்கள் பக்கம் அது எட்டிப்பார்க்க முப்பது வருஷம் ஆனது. முதலில் லேபுக்கு வந்தது வாய்க்குள் விடும் கேமரா இல்லை, மேஜை ஸ்கேனர். ஸ்டோன் மாடலை அதில் வைத்தால் கம்ப்யூட்டருக்குள் பல் வந்துவிடும். கடனில் ஒன்று வாங்கினேன். அதாவது, கேமரா கேப் என்று சொல்லிப் போடும் பல கேப்புகளின் ஆரம்பம் இன்னமும் மாவுதான். இதை என் அக்கா மகளிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசை வந்தது. தெரிந்த டாக்டர் ஒருவர் வாய்க்குள் விடும் ஸ்கேனர் வாங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாயையே கொடுத்தேன். கீழ்த்தாடைக்கு ஆல்ஜினேட் இரண்டு, புட்டி ஒன்று, ஸ்கேன் மூன்று தடவை. ஓர் ஆல்ஜினேட்டில் உடனே ஸ்டோன் ஊற்றினோம். இன்னொன்றை ஈரப் பஞ்சு சுற்றி, பழைய ஞாபகத்துக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸில் போட்டு, அரூர் பஸ் வரும் நேரம் அளவுக்கு வைத்துவிட்டு ஊற்றினோம். மாடல்களை என் மேஜை ஸ்கேனரில் ஏற்றி, கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். பொருந்தும் இடம் பச்சை, விலகினால் சிவப்பு அல்லது நீலம்.

தனித்தனிப் பல்லாகப் பார்த்தால் புட்டியும் ஸ்கேனும் ஒன்றையொன்று தின்றுவிடும் போல ஒட்டிக்கொண்டன. ஆச்சரியம், உடனே ஊற்றிய ஆல்ஜினேட்கூட மோசமில்லை. ஸ்வீட் பாக்ஸ் மாடல்தான் சாயம் தெளித்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்தபோது வாத்தியார் ஞாபகம் வந்தது.

முழுத் தாடை என்று வந்ததும் கதை மாறியது. மென்பொருளிடம் "நீயே நல்லபடி பொருத்து" என்று விட்டால் எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. அது பிழையை எல்லாப் பல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டு மறைக்கும் தந்திரம். நான் வலது கடைவாயை மட்டும் ஆணியடித்த மாதிரி பொருத்திவிட்டு இடது ஓரத்தைப் பார்த்தேன். மூன்று ஸ்கேனும் மூன்று நிறம். பூக்காரம்மா முழம் போடுவது மாதிரிதான் இது. ஒரு முழத்தில் அரை விரற்கடை குறைந்தால் தெரியாது, இருபது முழம் வாங்கினால் மாலை எட்டாது. வாய் கேமரா ஒரே பார்வையில் முழுத் தாடையையும் பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான சின்னப் படங்களை எடுத்து, ஒன்றின் ஓரத்தை அடுத்ததன் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு ஒட்டிலும் துளி விலகல். மறுமுனைக்குப் போகும்போது துளிகள் சேர்ந்துவிடும். புட்டி அப்படியில்லை, ஒரே கட்டி, ஒரே நேரத்தில் இறுகுவது. ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப இதுதான் வருகிறது: ஒற்றைக் கேப், சின்ன பிரிட்ஜ் என்றால் ஸ்கேன் மாவுக்குச் சமம் அல்லது மேல், தாடை முழுக்க என்றால் நல்ல சிலிக்கோன் இன்னும் முன்னால் நிற்கிறது, புது ஸ்கேனர்கள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் என் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எது உண்மையான என் தாடை? துல்லியம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் இரண்டு விஷயம் இருக்கிறது. பாலக்கோடு தக்காளி மண்டியில் ஒரு தராசு தினமும், எந்தக் கூடை வைத்தாலும், நூறு கிராம் குறைத்தே காட்டுகிறது என்று வையுங்கள். அது நிலையான தராசு, ஆனால் மெய்யான தராசு இல்லை. இன்னொன்று ஒரு நாள் கூட்டிக் காட்டும், ஒரு நாள் குறைத்துக் காட்டும், மாதக் கணக்கில் சராசரி சரியாக வரும். அது மெய், நிலையில்லை. வாயில் அளக்கும்போது எடைக்கல் கிடையாது. மூன்று ஸ்கேன் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாமே தவிர, மெய்யோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்வது கஷ்டம். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் அளவு தெரிந்த உலோக மாடலை வைத்துச் செய்கிறார்கள். அந்த மாடலுக்கு எச்சில் ஊறாது, நாக்கு தள்ளாது. இன்னொரு வேடிக்கை, கீழ்த்தாடை எலும்பே வாயை அகலத் திறக்கும்போது உள்பக்கமாகக் கொஞ்சம் வளையும். நாம் அளக்கப்போகும் நேரத்தில்தான் அது வளைந்திருக்கும்.

இதையெல்லாம் விட எனக்குப் பாடம் சொன்னது பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தியின் வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பல்லில் காவி. எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை: போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் ஒன்றரை என்பது இந்தியத் தர அளவு. பல் உள்ளே உருவாகும் வயதில் அதற்கு மேல் குடித்தால் எனாமல் சுண்ணாம்பு வெள்ளையாகி, பின்னால் பழுப்பேறி, மோசமானால் குழி விழும். ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்து காவிரித் தண்ணீர் குழாயில் ஏறியது. அதற்கு முன்னால் முளைத்த பற்களுக்கு அது தாமதம். காவிப் பல்லுக்காகத் தட்டிப்போன சம்பந்தங்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கின்றன.

மேல்வரிசையில் முன்பல் ஆறுக்கும் கேப் என்று முடிவு செய்திருந்தார்கள். அதற்கு ஆறு பல்லைச் செதுக்க வேண்டுமா என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. மேலாகத் தேய்த்து எடுக்கும் வழி, வெளுக்கும் வழி, பல்லின் முன்பக்கம் மட்டும் மெல்லிய தகடாக ஒட்டும் வெனீர் எல்லாம் இருக்கிறது. ஆனால் லேப்காரன் அதைக் கேட்க முடியாது. புதிதாக ஸ்கேனர் வாங்கிய டாக்டர் ஃபைலை மெயிலில் அனுப்பினார். பஸ் இல்லை, டப்பா இல்லை, மூன்று நிமிஷத்தில் திரையில் ஆறு பல். பார்க்கப் பளபளவென்று, மெழுகில் செய்தது மாதிரி. அந்த மெழுகுதான் உறுத்தியது. இடது கோரைப்பல்லில் (எங்கள் கணக்கில் அதற்கு 23-ஆம் எண்), ஈறோடு சேரும் இடத்தில், டாக்டர் செதுக்கிய விளிம்பு, அதாவது மார்ஜின், ஒரு கோடாகத் தெரிய வேண்டும். அங்கே கோடு இல்லை, வழவழப்பு மட்டும்.

"டாக்டர், 23-ல மார்ஜின் தெரியலையே."

"ஸ்கேன்ல ஓட்டை ஒண்ணும் காட்டலையேங்க, முழுசா பச்சைதான் வந்தது."

ஓட்டை இல்லாததுதான் பிரச்சினை. ஈறிலிருந்து ரத்தம் கசிந்திருக்கிறது. வெளிச்சம் ரத்தத்துக்குக் கீழே போகாது. கேமராவுக்குத் தெரியாத இடத்தை மென்பொருள் அக்கம்பக்கத்தை வைத்து ஊகித்து வழவழவென்று மூடிவிட்டது. புட்டியாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு குமிழியோ கிழிசலோ இருக்கும். வாங்கிப் பார்த்ததும் கண்ணில் குத்தும். மாவின் பிழை அசிங்கமாக இருக்கும், அதனால் ஏமாற மாட்டோம். இதில் பிழையும் பார்க்க அழகாக இருந்தது. கல்யாணத்துக்கு இருந்த நாட்களை எண்ணிப் பார்த்தால், அப்படியே கடைந்து கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

டாக்டர் நல்ல மனுஷர். பெண்ணை மறுநாள் வரச்சொல்லி, ஈறுக்குள் நூல் வைத்து ஒதுக்கி, ரத்தம் நின்ற பிறகு அந்த ஒரு பல்லை மட்டும் அழித்துவிட்டு அங்கே மட்டும் மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினார். கோடு தெரிந்தது. புட்டியாக இருந்திருந்தால் ஆறு பல்லுக்கும் முதலிலிருந்து ட்ரே வைத்திருக்க வேண்டும். எதில் மாட்டிக்கொண்டோமோ அதுவேதான் காப்பாற்றியது. ஜிர்கோனியா என்ற பீங்கான் வகையில் கடைந்தேன். சூளையில் சுமார் 1,500 டிகிரியில் வேகும்போது அது இருபது இருபத்தைந்து சதவீதம் சுருங்கும் என்பதால் முதலிலேயே பெரிதாகக் கடைய வேண்டும். அன்றிரவு கரண்ட் போகாமல் இருந்ததற்குக் அதியமான்கோட்டை காலபைரவருக்கு ஒரு தேங்காய்.

பல்லே இல்லாத வாய்க்கு வந்தால் நான் இன்னும் பழைய கட்சிதான். வெறும் ஈறு வழுக்கும், அசையும், ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் அடையாளம் இருக்காது, கேமரா வழி தவறும். தவிர, செட் நிற்பதற்கு ஈறு எப்படித் தெரிகிறது என்பதை விட அமுக்கினால் எவ்வளவு கொடுக்கிறது, உதடும் கன்னமும் அசையும்போது எங்கே வந்து முட்டுகிறது என்பதுதான் முக்கியம். கிரீன் ஸ்டிக் என்ற பச்சை மெழுகுக் குச்சியைத் தீயில் காட்டி ட்ரே ஓரத்தில் ஒட்டி, பாட்டியை "ஆ சொல்லுங்க, ஊ சொல்லுங்க, உதட்டைக் குவிங்க" என்று வேலை வாங்கி எடுக்கும் அளவு அது. அப்படி வந்த அளவைக் கையில் வாங்கினால் ஒரு ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது நிறுத்திவிட்ட மாதிரி இருக்கும்.

அரூர் பஸ்ஸில் இப்போதும் டப்பா வருகிறது, வாரத்துக்கு இரண்டோ மூன்றோ. கண்டக்டர் மாறிவிட்டார், இவர் பேசுவதில்லை. நானும் ஓடுவதில்லை, உள்ளே இருப்பது புட்டி.

அக்கா மகள் கடைசியில் கேமராவைத்தான் தேர்ந்தெடுத்தாள். துல்லியத்துக்காக அல்லவாம். சின்ன வயதில் கம்பி போட அளவெடுத்தபோது மாவு தொண்டைப் பக்கம் வழிந்து டாக்டர் சட்டையிலேயே வாந்தி எடுத்துவிட்டாளாம், மறுபடி அது முடியாதாம். ஸ்கேனை எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொன்னேன். கடைவாயின் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது. கோடு முழுசாக, ஓரிடத்திலும் அறுபடாமல் இருந்தது. "பரவால்ல, போட்டுக்கோ" என்று மெசேஜ் அனுப்பினேன்.